அணுவின் சமநிலையை எண்ணியவர்

அணுவொன்றிலுள்ள புரோத்தன்களும் இலத்திரன்களும் எண்ணிக்கையிற் சமமானவை என்பதை இன்று பாடசாலை மாணவரும் அறிவர். ஆயின், கண்ணுக்குப் புலனாகாத இவற்றை மனிதன் எண்ணி அறிந்த வரலாற்றைப் பலர் அறியார்.

1897இல் ஜே. ஜே. தொம்சன் மறையேற்றமுடைய இலத்திரனைக் கண்டறிந்தார். சடப்பொருள் இயல்பாக ஏற்றமற்றிருப்பதால், அதனை ஈடுசெய்யும் நேரேற்றமும் அணுவினுள் இருந்தாக வேண்டும். அந்நேரேற்றம் மிகச் சிறிய கருவொன்றிற் செறிந்துள்ளதென 1911இல் இரதபோட் காட்டினார். எனினும், அதன் அளவு அணுநிறையின் ஏறத்தாழ அரைப்பங்கு என்று மட்டுமே அவரால் மதிப்பிட முடிந்தது. சமநிலை உண்டென்பது தெளிவாயிற்று. அதன் எண்ணிக்கையோ தெளிவாகவில்லை.

ஆவர்த்தன அட்டவணையில் மூலகம் வகிக்கும் இடத்தின் இலக்கமே அதன் கருவேற்றம் என ஊகித்தவர், சட்டம் பயின்ற ஒல்லாந்தரான வன் டென் புறூக் ஆவார். அவ்வூகத்தைப் பரிசோதனையால் நிறுவியவர் ஹென்றி மோசிலி என்னும் ஆங்கிலேய இளைஞர். 1913இல் மன்செஸ்டரிலும் பின்னர் ஒக்ஸ்போட்டிலும் அவர் மூலகங்கள் வெளிவிடும் எக்சுக் கதிர்களின் மீடிறனை அளந்தார். அதன் வர்க்கமூலம் ஒரு மூலகத்திலிருந்து அடுத்த மூலகத்துக்குச் சமபடியாக உயர்ந்தது. ஒவ்வொரு படியும் கருவில் ஓரலகு ஏற்றம் கூடுவதைக் குறித்தது.

இதனால் நெடுநாட் குழப்பமொன்று தீர்ந்தது. கோபாற்றின் அணுநிறை 58.93, நிக்கலினது 58.69. நிறையின்படி நிக்கலே முந்தவேண்டும். மோசிலியின் அளவீடோ கோபாற்றுக்கு 27ஐயும் நிக்கலுக்கு 28ஐயும் வழங்கிற்று. மூலகத்தை நிருணயிப்பது நிறையன்று, ஏற்றமே என்பது புலனாயிற்று. 43, 61, 75 ஆகிய இடங்கள் வெற்றிடங்கள் எனவும் அவர் கூறினார். அவற்றுக்குரிய மூலகங்கள் முறையே 1937, 1945, 1925 ஆம் ஆண்டுகளிற் கண்டறியப்பட்டன.

அவற்றைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. முதலாம் உலகப் போரில் தாமாகவே படையிற் சேர்ந்த மோசிலி, 1915 ஓகஸ்ட் 10இல் கலிப்பொலியில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 27. அறிவியலாளரைப் போர்வீரராக அன்றி வேறுவகையிற் பயன்படுத்தத் தவறிய படை ஒழுங்கை இரதபோட் குறைகூறி எழுதினார்.

புரோத்தன் என்னும் பெயர் 1920இலேயே வழங்கலாயிற்று. கருவினுள்ளும் இலத்திரன்கள் உண்டென்ற கருத்து, 1932இல் சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்த பின்னரே நீங்கியது. அதன்பின், மோசிலி அளந்த எண்ணே கருவிலுள்ள புரோத்தன்களின் தொகை என்பது உறுதியாயிற்று. அணுவெண் எனப் பாடநூல்கள் கூறும் அச்சிறு இலக்கத்தின் பின்னால், தன் பணியை முடிக்குமுன் போருக்குப் பலியான ஓர் இளைஞனின் உழைப்பு உள்ளதென்பதை மறத்தலாகாது.