பால்மரக்காட்டு ராணிகள்

எங்கள் அரிமளத்திலிருந்து கடல் தாண்டியவர்கள் இரண்டு வகை. லேவாதேவிக்குப் போன நகரத்தார் ஒரு வகை. அவர்கள் கட்டிய வீடுகள் நிற்கின்றன, எழுதிய கணக்கேடுகள் இருக்கின்றன. அவற்றை வைத்து வரலாறும் எழுதப்பட்டுவிட்டது. கூலிக்குப் போன சேரி சனம் இன்னொரு வகை. கங்காணியின் பேரேட்டில் ஒரு பெயர், அதற்கு எதிரே கடன் தொகை. அவ்வளவுதான் இவர்களைப் பற்றிய ஆவணம். இந்த இரண்டாம் வகைப் பெண்கள் ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்தினார்கள். அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ்க் கூலிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆதிதிராவிடர் என்பது மலேயாக் குடியேற்றத்தை ஆராய்ந்தவர்களின் கணிப்பு. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். போகவில்லை. தோட்டத்திலும் பறையர் லயன் தனியாகத்தான் இருந்தது. மேலே துரை, அடுத்து கிராணி, அடுத்து கங்காணி. எல்லோருக்கும் கீழே பால் வெட்டும் பெண்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, அரிசி நின்றது. தோட்டத்து ஆண்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்கள். புருசன் திரும்புவானா மாட்டானா என்று தெரியாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தன லயன்கள்.

இந்தச் சூழலில்தான் 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பெண்கள் படைக்கு ஆள் கேட்டார். அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சம்பளப் பட்டாளம் அல்ல, தொண்டர் காலாட்படை. சிப்பாய்களில் பெரும்பகுதி எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தமிழ்ப் பெண்கள். தேசபக்தியால் சேர்ந்தார்கள் என்று ஒரு தரப்பு எழுதுகிறது, சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்று இன்னொரு தரப்பு எழுதுகிறது. இரண்டுமே மேலிருந்து பார்க்கிற பார்வை. கங்காணி 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவளை இங்கே 'ராணி' என்று கூப்பிட்டார்கள். கையில் பால் வாளிக்குப் பதில் ரைபிள். எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. தனி லயனில் பிறந்தவளுக்கு அந்தப் பந்தி எப்படி இருந்திருக்கும்? சுயமரியாதைக்காகவும் ஒருத்தி படையில் சேரலாம் என்பது இவர்கள் யோசனைக்கே வரவில்லையே, ஏன்?

படை சாதியைப் பந்தியில் உடைத்தது. ஆனால் சாதியைப் பற்றிப் பேசவில்லை. பேசாததால் என்ன ஆச்சு? தலைமையில் இருந்தவர்களின் பெயர் மட்டும் மிஞ்சியது. கேப்டன் லட்சுமி சென்னையின் பெரிய வழக்கறிஞர் வீட்டுப் பெண், டாக்டர். அடுத்த நிலையில் இருந்த ஜானகி தேவர் கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். இவர்களின் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. லட்சுமி 2012இல் சாகும்வரை கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். என் கேள்வி, அணியில் நின்றவளின் பெயர் எங்கே என்பதுதான். படையின் பெயரே இதற்குச் சாட்சி. ஜான்சி ராணியை எல்லோருக்கும் தெரியும். அந்த ராணியின் வேடத்தில் வெள்ளையரை எதிர்கொண்டதாக மக்கள் சொல்லும் கோரி சாதிப் பெண் ஜல்காரிபாயைத் தலித் இயக்கங்கள்தான் வெளியே கொண்டுவந்தன. அவருக்குத் தபால்தலை வந்தது 2001இல்.

1944இல் இம்பாலிலும் கொகிமாவிலும் இந்தியச் சிப்பாய்களே எதிரெதிரே நின்றார்கள். ஒரு வகையில் அது உள்நாட்டுப் போர்தான். எதிர்ப்பக்கத்திலும் நம் சனம் இருந்தது. 1943இல் எழுப்பப்பட்ட சமார் ரெஜிமெண்ட் கொகிமாவில் பிரிட்டிஷ் தரப்பில் நின்றது, 1946இல் கலைக்கப்பட்டது. பறையர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவந்த மதராஸ் சாப்பர்ஸ் பர்மாவில் பாதையும் பாலமும் போட்டது. யார் கொடியின் கீழ் நின்றாலும், வேலை முடிந்ததும் இந்தச் சனத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ராணிகள் ஒரு படையாகப் போர்முனையில் இறக்கப்படவில்லை. ரங்கூனிலும் மேமியோவிலும் காவல் நின்றார்கள், காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். 1945இல் பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்குப் பயந்து பகலில் பதுங்கி, இரவில் நடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பின்வாங்கலில் ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தார்கள். பிறகு மற்றவர்கள் தோட்டத்துக்குத் திரும்பி மறுபடி பால் வெட்டப் போனார்கள். செங்கோட்டை விசாரணையில் தேசமே பேசியது மூன்று அதிகாரிகளைப் பற்றி. 1972இல் இந்திய அரசு கொண்டுவந்த தியாகி பென்ஷனுக்குக் காகிதம் வேண்டும். லயன் வீட்டில் காகிதம் ஏது?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் எழுந்த 54ஆம் மாசசூசெட்ஸ் தொண்டர் காலாட்படையில் சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 பிடித்தம். சமச் சம்பளம் வரும்வரை காசே வேண்டாம் என்று மறுத்து, சம்பளமில்லாமலே போரிட்டார்கள். 1864இல் சட்டம் பணிந்தது. பாஸ்டன் நகரில் 1897இல் நினைவுச்சின்னம் வைத்தபோது அதில் பொறித்தது இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை மட்டும். இறந்த கறுப்புச் சிப்பாய்களின் பெயர்கள் 1980களில்தான் ஏறின. பெயர்ப் பட்டியல் இருந்ததால் அதாவது முடிந்தது.

நமக்குப் பட்டியல் இல்லை. சாதிவாரிக் கணக்கும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து திரண்ட ஒரு படையில் தலித் பெண் இல்லாமல் இருக்க முடியாது. அன்று பதினாறு வயசில் சேர்ந்தவள் இன்று இருந்தால் நூறை நெருங்கியிருப்பாள். இனி அவளிடம் கேட்க முடியாது, அவள் பேத்தியிடம் கேட்கலாம். அரிமளம், திருமயம், அறந்தாங்கி பக்கத்துச் சேரிகளில் மலேயா போய்த் திரும்பிய குடும்பங்களைத் தேடுங்கள். பழைய பாஸ்போர்ட், போட்டோ, பாட்டி சொன்ன ஒரு இந்துஸ்தானிக் கட்டளை, எது கிடைத்தாலும் தேதி போட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். மாணவத் தோழர்கள் வருகிற விடுமுறையிலேயே இதைத் தொடங்க வேண்டும்.