சொல்வன்மையும் கால்வன்மையும்

கழகத்தின் ஐம்பதாண்டு வரலாறு இம்மலரின் மற்றப் பக்கங்களில் விரிவாக வரும். மைதானம் கிடைத்த கதையும் கோப்பைகளின் கணக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. தமிழாசிரியனிடம் கட்டுரை கேட்ட மலர்க் குழுவினர் தமிழைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆகவே திருக்குறளிலிருந்தே தொடங்குகிறேன்.

சொல்வன்மை என்னும் அதிகாரத்தை வள்ளுவப் பெருந்தகை எங்கே வைத்தார்? அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்து, 65-ஆவதாக. படைமாட்சியும் படைச்செருக்கும் வெகு பின்னால், 77, 78-இல்தான் வருகின்றன. வாள் எடுக்கிறவனுக்கு முன்பே, அவனை ஏவுகிறவனின் நாவைப் பற்றிப் பேசிவிட்டார் என்பது என் துணிபு. தொல்காப்பியரோ செய்யுளியலில் வாயுறை வாழ்த்து என்றொரு வகையைச் சொல்லி, வேம்பை உவமை காட்டுகிறார். கேட்கும்போது கசக்கும், பிற்பாடு உறுதி பயக்கும். பாரதத்தைப் பாருங்கள். கர்ணனுக்குத் தேரோட்டிய சல்லியன் போகும் வழியெல்லாம் அவனைப் பழித்து மனத்தைச் சோரவைத்தான். பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணபிரான் நழுவிய வில்லை மறுபடி எடுக்கவைத்தான். இரண்டு சாரதிகளும் அம்பு எய்யவில்லை. போரின் போக்கை மாற்றியது அவர்கள் வாய்தான்.

கால்பந்தில் இந்தச் சாரதி இடத்துக்குப் பொருத்தமானவர் யார் என்று கேட்டால் பிரதீப் குமார் பானர்ஜியைத்தான் சொல்வேன். இடைவேளையில் வீரர்களிடம் அவர் பேசிய பேச்சுக்குக் கல்கத்தா 'வோக்கல் டானிக்' என்று பெயர் வைத்தது. வாயுறை வாழ்த்துப் படித்தவர்கள் புன்னகைத்துக்கொள்ளலாம்.

1936-இல் வங்கத்தின் ஜல்பாய்குரியில் பிறந்து, ஜம்ஷெட்பூரில் வளர்ந்து, கல்கத்தாவுக்கு வந்தவர் பி.கே. வலது விங்கர். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோலோச்சிய ஊரில் இரண்டின் சட்டையையும் அணியாமல் ஈஸ்டர்ன் ரயில்வேக்கே ஆடிமுடித்தார். 1958-இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றது. பெரிய மூன்று அணிகளைச் சேராத இன்னொரு அணி அதை வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் அந்தச் சாதனையின் அளவு விளங்கும்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் தலைவர். பிரான்சுக்கு எதிராக அவர் அடித்த கோல் இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுபோனது. ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. அதே அணியில் நம் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் இருந்தார். பெருவுக்கு எதிராக அவர் அடித்த கோலுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை கோல் அடிக்கவில்லை. பெருமையோடு சொல்ல வேண்டிய செய்திதான். வருத்தமும் கூடவே வருகிறது.

இனி ஜகார்த்தா, 1962. இது ஆசிரியப் பரம்பரையின் கதை. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியர். அப்போது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்துக்கு முன்னிரவு வீரர்களை அழைத்து, தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கமாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். மறுநாள் அரங்கமே இந்தியாவுக்கு எதிராக இரைந்தது. முதல் கோல் பி.கே.யுடையது. அடுத்தது, முந்தைய ஆட்டமொன்றில் தலையில் பட்ட காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு முன்வரிசையில் ஆடிய தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குடையது. தென்கொரியா 2-1 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு ரஹீம் மறைந்தார். சீடர் அந்தப் பேச்சை மறக்கவில்லை என்பதை அவருடைய பிற்காலமே காட்டுகிறது.

1967-இல் ஓய்வு. 1970-இல் ஜி.எம்.எச். பாஷாவுடன் சேர்ந்து தேசிய அணியைப் பயிற்றுவித்து ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1972-இல் ஈஸ்ட் பெங்கால் அழைத்தது. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று சாய்த்தது அந்த அணி. இரண்டு கோல் ஷியாம் தாபாவுடையவை. அடுத்து நடந்ததுதான் விந்தை. அடிபட்ட மோகன் பகானே பி.கே.யை அழைத்துக்கொண்டது. 1977-இல் லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், மோகன் பகான் வீரர்கள் துவண்டு கிடந்தார்கள். அந்தச் சமயத்தில் செப்டம்பர் 24 அன்று பெலேயின் நியூயார்க் காஸ்மாஸ் ஈடன் கார்டனில் இறங்கியது. பெலேயைக் கவனிக்கும் பொறுப்பு கௌதம் சர்க்காரிடம். சேற்று மைதானத்தில் ஷியாம் தாபாவும் முகமது ஹபீபும் கோல் அடிக்க, ஆட்டம் 2-2. அதே பருவத்தில் ஷீல்டு, ரோவர்ஸ், டூராண்ட் மூன்றும் மோகன் பகானுக்கே வந்தன. தெளிந்தவனைத் தேர்ந்து வினையில் ஏவுவது பற்றி வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் பாடியது வீண்போகவில்லை.

தேசிய அணியோடு இத்தனை வெற்றி இல்லை. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் காலிறுதியிலேயே சவுதி அரேபியா வெளியேற்றியது. ஆனால் 1997 ஜூலை 13, சால்ட் லேக் அரங்கை எப்படி விடுவது? ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் கூட்டம். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா தம் வைர வியூகத்தைப் புகழ்ந்து, எதிரணி வீரர்களின் பெயர்களையும் கேலி செய்திருந்தார். மறுபடி பி.கே.யின் பயிற்சியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல். தத்தாவின் நாக்கே அன்று பி.கே.க்கு டானிக் காய்ச்சிக் கொடுத்துவிட்டது போலும்!

பி.கே. 2020 மார்ச்சில் மறைந்தார். சைமன் சுந்தரராஜும் அவரைப் போலவே பயிற்சியாளராகி, 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்தார்.

கழகத்தின் மூத்த ஆட்டக்காரர்களே, பூட்ஸைக் கழற்றியதும் கடமை முடிந்ததென்று வீட்டில் அமர்ந்துவிடாதீர்கள். ஞாயிறு காலையில் எல்லைக்கோட்டருகே வந்து நின்று சிறுவர் அணியோடு பேசுங்கள். கசப்பாகவும் பேசுங்கள், தொல்காப்பியர் அனுமதி உண்டு. கழகச் செயலாளர் அதற்கொரு முறைப்பட்டியல் போட்டு, பொன்விழா ஆண்டு முடியும்முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும் என்று இம்மலர் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறேன்.