மெர்தர் டிட்வில்: இரும்பு நகரின் கதை

தொழிற்புரட்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மான்செஸ்டர். இரும்பின் வரலாற்றை அறிய விழைவோமாயின், தென் வேல்ஸில் உள்ள மெர்தர் டிட்வில் நகரையே நாம் நாடவேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் சமயத்தின்பொருட்டு உயிர்நீத்த டிட்வில் என்னும் மங்கையின் நினைவாக இப்பெயர் அமைந்தது என்பது மரபு.

இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல், ஆற்றுநீர் ஆகியன அருகருகே கிடைத்தமையால், 1759இல் டவ்லைஸிலும் 1765இல் கிவார்த்வாவிலும் இரும்பாலைகள் தோன்றின. 1801ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வேல்ஸின் மிகப் பெரிய ஊர் இதுவே. 1804இல் ட்ரெவிதிக்கின் நீராவி எஞ்சின் 10 டன் இரும்பை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடியதும் இங்குள்ள பெனிடாரன் ஆலையிலிருந்துதான்.

ஆயின், உலைமுன் நின்றோர் வாழ்வு வேறு. 1831இல் கூலி குறைந்தது. கடன் வழக்குமன்றமோ ஏழையர் வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களையும் பறிமுதல் செய்தது. ஜூன் மாதம் தொழிலாளர் செங்கொடி ஏந்திக் கிளர்ந்தெழுந்தனர். படையினர் சுட்டதில் குறைந்தது 16 பேர் மாண்டனர். படைவீரர் ஒருவரைக் காலில் குத்தினார் எனக் குற்றஞ்சாட்டி, டிக் பெண்டெரின் என மக்கள் அழைத்த ரிச்சர்ட் லூயிஸை ஆகஸ்டு 13 அன்று கார்டிஃபில் தூக்கிலிட்டனர். குத்துப்பட்ட வீரர் உயிர்பிழைத்தார். குத்தியவர் இவர்தாம் என அவர் அடையாளங் காட்டவுமில்லை.

டவ்லைஸ் ஆலையின் எஞ்சிய பகுதியும் 1987இல் மூடப்பட்டது. முதலாளி கிராஷே 1825இல் எழுப்பிய கோட்டை மாளிகை இன்று அருங்காட்சியகம். தூக்குமரம் நின்ற இடத்தருகே, கார்டிஃப் சந்தை வாயிலில், பெண்டெரினுக்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. மாளிகையைக் காண்போர் அப்பலகையையும் படித்தாலன்றி இந்நகரின் வரலாறு நிறைவுறாது என்பதே நம் எண்ணம்.