கல் மாதிரி ஒரு கல்

எடின்பரோ பக்கத்தில், ஃபோர்த் கழிமுகக் கரையோரம் இருக்கும் டல்மெனி மாளிகையின் படத்தைப் பார்த்தால் எட்டாம் ஹென்றி காலத்துக் கட்டிடம் என்று சத்தியமே செய்வீர்கள். நானும் ஏமாந்தேன். கட்டி முடித்தது 1817-ல்! ஸ்காட்லாந்தில் டியூடர் பாணிக்கு மறுபிறவி கொடுத்த முதல் வீடு என்கிறார்கள். கடலை ஒட்டிய பழைய பார்ன்பூகிள் கோட்டையை விட்டு வர, நான்காம் ரோஸ்பெரி பிரபு கட்டியது. வரைந்தவர் வில்லியம் வில்கின்ஸ். பிறகு லண்டன் நேஷனல் கேலரியை வடிவமைத்தவரும் இவரே.

அந்த வெளிப்பக்க வேலைப்பாடு இருக்கிறதே... பெரும்பாலும் சிற்பி செதுக்கியதே இல்லை! லண்டன் லாம்பெத்தில் எலினார் கோட் என்ற பெண்மணியின் தொழிற்சாலைச் சரக்கு. களிமண்ணோடு கண்ணாடித் தூளும் சேர்த்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்ட செயற்கைக் கல். ஒரே அச்சில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். காமர்ஸ் மாணவனுக்கு இங்கேதான் கண் போகும். போலி என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருநூறு வருடக் கடற்காற்றைத் தாங்கி நிற்கிறது.