பனிக்காலத்தில் உறங்கும் வண்டி

குளிர் நாடுகளில் கரடி பனிக்காலம் முழுவதும் குகையில் உறங்கிக் கிடக்கும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். மோட்டார் வண்டியும் அவ்வாறு உறங்கும் என்று எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. 1977ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாணவனாக இருந்தபோது அதை நேரில் கண்டேன். அந்த உறக்கத்தின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு முதியவர். அவரிடம் எம்.ஜி. டி.சி. என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. 1945 முதல் 1949 வரை ஏறக்குறைய 10,000 வண்டிகளே செய்யப்பெற்ற இனம் அது. 1250 சி.சி. என்ஜின், மெல்லிய கம்பிகளால் ஆன சக்கரங்கள், தகட்டுக்குள்ளே மரச் சட்டம், கூரைக்குப் பதிலாக மடக்கும் கித்தான். நவம்பர் பிறந்ததும் அவர் அதைக் கொட்டகைக்குள் தள்ளி, டயர்கள் தரையைத் தொடாதபடி மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைப்பார். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவார். என்ஜினில் உள்ள நீரை ஒரு துளி விடாமல் வடிப்பார். "என் தந்தை தம் ஃபோர்டு வண்டிக்கு இப்படித்தான் செய்தார்" என்பது அவர் கூறும் காரணம்.

அவருடைய தந்தையின் காலத்தில் அது விருப்பமன்று; கட்டாயம். மோட்டார் தோன்றிய முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பாலான வண்டிகள் திறந்தவையே. பனி பெய்த சாலையைத் துப்புரவு செய்யும் வழக்கமும் பரவலாக இல்லை. என்ஜினைக் கையால் சுழற்றியே கிளப்ப வேண்டும். குளிரில் எண்ணெய் கட்டிப்பட்டுவிட்டால் அதுவும் இயலாது. இவை எல்லாவற்றினும் கொடிய பகை தண்ணீர். நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, பிளக்கும். ஆகவே வண்டிக்காரர்கள் பனிக்காலத்தில் மீண்டும் குதிரையை நாடினர். மோட்டாரோ கட்டைகளின்மேல் உறங்கியது.

இந்த உறக்கத்தை மனிதன் படிப்படியாகக் கலைத்தான். 1912ஆம் ஆண்டில் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. 1922இல் ஹட்சன் நிறுவனம் எசெக்ஸ் என்னும் மூடிய வண்டியைக் குறைந்த விலைக்குக் கொணர்ந்தது. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றே மூடிய வண்டி. 1927இலோ நூற்றுக்கு 85. உறைவதைத் தடுக்க முதலில் தண்ணீரோடு சாராயத்தைக் கலந்தனர். என்ஜின் சூடேறியதும் அது ஆவியாகிப் போயிற்று. 1927இல் எத்திலீன் கிளைக்காலைக் கொண்ட பிரெஸ்டோன் என்னும் திரவம் கடைக்கு வந்தது. அதைப் பாதிக்குப் பாதி நீரோடு கலந்தால் சுழிக்குக் கீழே 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. பனிக்காலத்தை மோட்டார் வென்றுவிட்டது என்றே அனைவரும் எண்ணினர்.

வண்டி ஓட வேண்டுமானால் சாலையும் திறந்திருக்க வேண்டும் அன்றோ? அதற்கு உப்பு துணை வந்தது. 1941-42ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், சாலையில் உப்புத் தூவுவதைப் பொதுக் கொள்கையாக முதன்முதல் ஏற்ற மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். போருக்குப் பின் அவ்வழக்கம் எங்கும் பரவியது. உப்பு பனியை உருக்கியது; உருகிய உப்புநீர் வண்டியின் அடித்தகட்டைத் தின்றது. பனியை வெல்ல மேற்கொண்ட உபாயமே வண்டிக்குப் பகையாயிற்று. அன்றாடம் அலுவலுக்குச் செல்லும் வண்டி துருவேறத்தான் செய்யும். காலம் வந்தால் வேறொன்று வாங்கலாம். மீண்டும் செய்யப்பெறாத ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த வழி இல்லை. எனவே, வலிமை இன்மையால் ஒரு காலத்தில் உறங்கிய மோட்டார், அருமை கருதி மறுபடியும் கொட்டகைக்குள் புகுந்தது. ஜெர்மனியில் இவ்வழக்கத்தைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 1997 முதல் அங்கே குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லும் எண் பலகை உண்டு. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை ஓடலாம் என்பது பலகையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

உறங்க வைப்பதிலும் அறிவு வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் என்ஜினை ஓட்டிவைத்தால் நல்லது என்று பலர் எண்ணுவர், நானும் எண்ணினேன். முதியவர் மறுத்தார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. என்ஜின் நன்கு சூடாகாமல் நின்றால் அந்த நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கித் துருவை வளர்க்கும். பாட்டரியோ சக்தி குன்றக் குன்ற அதன் அமிலம் வெறும் நீரை ஒத்துப்போய் உறைந்து வெடிக்கும். சக்தி நிரம்பியிருந்தால் கடுங்குளிரையும் தாங்கும்.

அவ்வாண்டு அவருக்கு முதுகு வலி. நீரை வடிக்கும் பணியை என்னிடம் ஒப்படைத்தார். ரேடியேட்டரின் குழாயைத் திறந்தேன், நீர் கொட்டிற்று. என்ஜினின் பக்கத்தில் உள்ள மற்றொரு குழாயையும் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. எல்லாம் வடிந்துவிட்டது என்று மகிழ்ந்து கதவைச் சாத்தினேன். 1978 பிப்ரவரி 6, 7 ஆகிய நாட்களில் பெரும்பனிப் புயல் அடித்தது. பாஸ்டனைச் சுற்றிச் செல்லும் 128ஆம் எண் நெடுஞ்சாலையில் 3,000க்கும் மேற்பட்ட வண்டிகள் புதையுண்டு நின்றன. நம் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஏப்ரலில் நீர் ஊற்றியபோது என்ஜினின் பக்கவாட்டில் முத்து முத்தாக ஈரம் அரும்பியது. விரல் நீளத்துக்கு மெல்லிய விரிசல். முதியவர் ஒரு கம்பியை எடுத்து, நான் திறந்த அந்தக் குழாய்க்குள் நுழைத்தார். துருக்கட்டி ஒன்று வெளியே விழுந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ குழாயைத் திறந்தாய், தம்பி, நீர் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வார்ப்பிரும்பு விரிசலைச் சூடேற்றாமல் சிறு உலோகத் திருகுகளால் தைக்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையில் அதைச் செப்பனிட்டனர். செலவில் ஒரு பங்கை நான் வற்புறுத்திக் கொடுத்தேன். ஜூன் மாதத்தில் அவ்வண்டி மீண்டும் ஓடிற்று. என்ஜினின் பக்கத்தில் தையல் தழும்பு மட்டும் நிலைத்துவிட்டது.

மறு நவம்பரிலும் அதே பணியை அவர் என்னிடமே ஒப்படைத்தார். அம்முறை கம்பியோடு சென்றேன். இரண்டு குழாய்களின் கீழும் பாத்திரம் வைத்து, வடிந்த நீரை அளந்து பார்த்த பின்னரே கதவைச் சாத்தினேன்.