ஓட்டமாவடியில் பென்ட்ரைவ்: ஒரு சுமைகருவியின் இருபத்தைந்து ஆண்டுகள்

பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வீதியும் ரயில் பாதையும் ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஓட்டமாவடி இருக்கிறது. கோறளைப்பற்று மேற்குப் பிரதேச செயலகப் பிரிவின் நடுநாயகமான ஊர் அது. பக்கத்திலேயே வாழைச்சேனைக் காகித ஆலை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது வித்திடப்பட்டு, 1950களில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, சுற்றுவட்டார வயல்களின் வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்தது. அந்தக் காலத் தாளில் எழுதி வைத்த ஓர் உறுதியையோ பள்ளிவாசல் கணக்கையோ கறையானும் வெள்ளமும் விட்டுவைத்திருந்தால் இன்றும் எடுத்து வாசிக்கலாம். அதே ஊரில் இன்று காணி வரைபடம், கல்யாண வீடியோ, பரீட்சை வினாத்தாள், எழுத்தாளரின் கைப்பிரதி எல்லாம் விரலளவுள்ள ஒரு பென்ட்ரைவுக்குள் கிடக்கின்றன. இந்த மாற்றத்தைத் தாளுக்குப் பதில் தாளைவிடச் சிறந்த ஒன்று வந்துவிட்டதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது. பென்ட்ரைவ் பிறந்ததும் வளர்ந்ததும் மலிந்ததும் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பைச் சுமந்து செல்வதற்காகவே. சுமப்பதில் அது தேறத் தேற, காப்பதில் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. எதை வாங்குவது, எப்படிப் பாவிப்பது என்ற கேள்விகளுக்கு இந்த வரலாற்றைத் தெரிந்தவரே சரியான விடை காண முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஃப்ளாஷ் நினைவகத்தின் மூலக் கருத்து ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்காவுடையது. 1984இல் ஒரு வகையையும், 1987இல் நேண்ட் எனப்படும் இன்னொரு வகையையும் அவர் உலகுக்கு அறிவித்தார். பென்ட்ரைவில் இருப்பது இரண்டாவது வகை. நினைவகம் மட்டும் போதாது, அதைச் செருக எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரியான வாசல் வேண்டும். 1996இல் முதல் வடிவம் வெளியான யூ.எஸ்.பி. அந்த வாசலைத் தந்தது. இரண்டும் ஒன்றுசேர்ந்தது 2000ஆம் ஆண்டில். சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் தம்ப்ட்ரைவ் என்ற பெயரிலும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை ஐ.பி.எம். தன் பெயரிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. முதற் பெருமை யாருக்கு என்ற வழக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு முடிவு கண்டது. நமக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அன்றைய கொள்ளளவைப் பார்ப்பதே பயன் தரும். ஐ.பி.எம். விற்றது 8 மெகாபைட். அது எதிர்த்து நின்ற ஃப்ளொப்பித் தட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். யூனிகோட் தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் என்று வைத்து, பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று கணக்கிட்டால், ஃப்ளொப்பியில் சுமார் 300 பக்கம் அடங்கும், முதல் பென்ட்ரைவில் 1,700 பக்கத்துக்கு மேல் அடங்கும். ஒரு நாவலைச் சுமந்த இடத்தில் ஓர் அலமாரித் தட்டையே சுமக்க முடிந்தது. வாங்கியவர்கள் பெற்ற இலாபம் அதுதான். ஐம்பது ஆண்டு இருக்கும் என்று அப்போது யாரும் வாங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். நேண்ட் நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு சிறு பகுதி உண்டு. அதற்குள் இலத்திரன்களைச் செலுத்திச் சிறைப்படுத்துவதே எழுதுவது, வெளியேற்றுவதே அழிப்பது. எழுதும்போதும் அழிக்கும்போதும் இலத்திரன்கள் அந்தப் படலத்தை ஊடுருவிப் போவதால் அது கொஞ்சங்கொஞ்சமாகப் பழுதாகிறது. தொடக்கத்தில் ஓர் அறையில் ஒரு பிட்தான் இருந்தது. நிரம்பியதா, வெறுமையா என்ற இரண்டு நிலைகளை மட்டும் பிரித்தறிந்தால் போதும். அத்தகைய அறை சுமார் ஒரு இலட்சம் தடவை அழித்து எழுதுவதைத் தாங்கியது. விலையைக் குறைக்க ஓர் அறையில் இரண்டு பிட் வைத்தார்கள். இப்போது நான்கு மின்னேற்ற நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், தாங்கும் எண்ணிக்கை சில ஆயிரங்களுக்கு இறங்கியது. மூன்று பிட் என்றால் எட்டு நிலைகள், தாங்குவது ஆயிரத்தின் அக்கம்பக்கம். நான்கு பிட்டுக்குப் பதினாறு நிலைகள், தாங்குவது அதனினும் குறைவு. நிலைகள் நெருங்க நெருங்க, சிறிதளவு மின்னேற்றம் கசிந்தாலும் ஒரு எண் இன்னோர் எண்ணாகிவிடும். 8 மெகாபைட் விற்ற விலைக்குக் குறைவாக இன்று 64 ஜிகாபைட் கிடைப்பதன் விலை இதுவே. புதிய நிலையில் பத்தாண்டு தரவைக் காக்கும் என்று சொல்லப்படுவது வழக்கம். ஆனால் வெப்பம் கசிவை விரைவாக்கும், தேய்மானமும் விரைவாக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின்கீழ் மேசை லாச்சியிலும், வெயிலில் நிறுத்திய வாகனத்திலும் பென்ட்ரைவ் அனுபவிக்கும் சூடு ஆய்வுகூடத்தின் சராசரி வெப்பநிலை ஆகாது. போதாததற்கு, வாவியோர ஊர்களின் உப்புக் காற்று செருகுமுனையின் உலோகத்தை அரிக்கிறது.

இந்தக் கருவி மட்டக்களப்புப் பிரதேசத்துக்குள் பரவிய காலம் கடினமான காலம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி கரையோரத்தை அழித்தது. 2007 வரை வாவிக்கு மேற்கே யுத்தம் நீடித்தது. வீட்டில் கணினி என்பது சிலருக்கே வாய்த்தது. ஆனால் கடைத்தெருவில் கொமினிகேஷன் இருந்தது. தொலைபேசி அழைப்பு, போட்டோக்கொப்பி, தட்டச்சு, அச்செடுப்பு எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடந்த அந்தக் கடைகளே பென்ட்ரைவின் உண்மையான தாய்வீடு. பாடசாலை மாணவரின் ஒப்படை, சுயவிபரக் கோவை, சங்கங்களின் கடிதத் தலைப்பு, பயான் உரைகள், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர் கொணர்ந்த படங்கள் என்று கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓயாமல் போய்வந்தது அது. சொந்தக் கணினி இல்லாதவருக்கும் சொந்தமாக ஒரு கோப்புத்தொகுதி இருக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது இந்தச் சிறு கருவிதான். அதை நான் மிகப் பெரிய சமூக மாற்றமாகவே மதிக்கிறேன். ஆனால் எல்லாரும் ஒரே கணினியில் செருகியதால் எல்லாருடைய நோயும் எல்லாருக்கும் தொற்றியது. 2008 இறுதியில் தோன்றிய கொன்ஃபிக்கர் என்ற கணினிப் புழு, செருகியவுடன் தானாக இயங்கும் விண்டோஸின் வசதியையும் பயன்படுத்திப் பரவியது. 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தில் இணைக்கப்படாத ஈரானிய அணுநிலையத்துக்குள்ளேயே யூ.எஸ்.பி. வழியாக நுழைந்ததாகக் கருதப்படுகிறது. பழைய விண்டோஸ்களில் தானியங்கு வசதியை மைக்ரோசொஃப்ட் முடக்கியது 2011இல்தான். வைரஸ் தொற்றிக் கோப்புறைகளெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டன என்று அஞ்சிப் பலர் பென்ட்ரைவை ஃபோர்மட் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் அசல் கோப்புகள் அதற்குள்ளேயே மறைக்கப்பட்டுக் கிடந்தன. அழித்தது வைரஸ் அல்ல, ஃபோர்மட்.

இணையம் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்று ஒருவர் மறுக்கலாம். இலங்கைக்கு 2006இல் மூன்றாம் தலைமுறை அலைவரிசையும், 2013இல் நான்காம் தலைமுறையும் வந்தன. வட்ஸப்பில் அனுப்பினால் கொமினிகேஷன்காரர் அச்செடுத்துத் தருகிறார். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. சிறிய கோப்புகளைப் பொறுத்தவரை பென்ட்ரைவின் வேலை பெருமளவு கைபேசிக்குப் போய்விட்டது. ஆனால் நாட்டின் அண்மைய வரலாறு இணையத்தை மட்டும் நம்பியிருக்க விடவில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் மீண்டும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், இன்னொரு முறை. அதற்குச் சில நாள் முன்னர்தான் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாளில் மடிக்கணினியின் மின்கலத்தில் மிச்சமிருக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாடத்தொகுதியைப் பத்து மாணவருக்குப் பகிர வேண்டுமென்றால் பென்ட்ரைவே கைகொடுக்கும். இது நமக்கு மட்டும் உரிய நிலையுமல்ல. இணையம் அரிதாக இருந்த கியூபாவில் வாராந்தரம் சுமார் ஒரு டெராபைட் படங்களும் செய்திகளும் மென்பொருள்களும் வன்தட்டுகளிலும் பென்ட்ரைவ்களிலும் கைமாறித் தீவெங்கும் பரவின. சுமக்கும் கருவியாக அதன் இடம் இன்னும் காலியாகவில்லை.

சுமக்கத்தான் வாங்குகிறோம் என்று தெளிந்தால் தெரிவு எளிதாகும். கொள்ளளவைவிட எழுதும் வேகமே முதலில் பார்க்க வேண்டியது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். மலிவானவை எழுதும்போது செக்கனுக்கு 5 மெகாபைட்டுக்கும் இறங்கும். 4 ஜிகாபைட் கல்யாண வீடியோவை அந்த வேகத்தில் ஏற்ற 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். உள்ளே நீல நாக்குள்ள, ஒன்பது தொடுமுனைகள் கொண்ட யூ.எஸ்.பி. 3 வகையை வாங்கினாலும், உள்ளிருக்கும் நினைவகம் மட்டமானதாயின் வாசல் அகலமாக இருப்பதால் மட்டும் ஆதாயமில்லை. 64 ஜிகாபைட் என்று வாங்கியது கணினியில் 59 என்று காட்டினால் ஏமாற்றென்று கொள்ள வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் பெருக்குகிறது. உண்மையான ஏமாற்று வேறு. 2001 வாக்கில் கட்டுப்படுத்தும் வேலை முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கும் வழி வந்தது. மலேசியரான புவா கெய்ன்-செங் தாய்வானில் நிறுவிய ஃபைசன் நிறுவனம் அதில் முன்னோடி. விலை சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சிப்பில் இருக்கும் கட்டளைகளை மாற்றி எழுதினால் 8 ஜிகாபைட் பென்ட்ரைவ் தன்னை 2 டெராபைட் என்று சொல்லிக்கொள்ளும். எட்டு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அதன்பின் எழுதுவது பழையதை அழிக்கும், அல்லது எங்கும் பதியாமல் போகும், பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் பென்ட்ரைவை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்து இந்தப் பொய்யை வெளிக்கொணரும். விலைச்சிட்டை கைவசம் இருக்கும் நாட்களிலேயே இதைச் செய்துவிட வேண்டும். ஃபோர்மட் வகையும் பயணத்தைப் பொறுத்ததே. பழைய தொலைக்காட்சிக்கும் வாகனப் பாட்டுப்பெட்டிக்கும் ஃபெட்32 வேண்டும், ஆனால் அதில் 4 ஜிகாபைட் அளவுள்ள தனிக் கோப்பு அடங்காது. பெரிய வீடியோவுக்கு எக்ஸ்ஃபெட்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலிமையானது. வன்தட்டும் பழுதாகிறது, சீடியும் உரிகிறது, தாளையும் வெள்ளம் கொண்டுபோகிறது, பின் பென்ட்ரைவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? 1978 நவம்பர் சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் இது வெறும் தர்க்கமன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் தாளின் காலத்தில்தான். எந்த ஊடகமும் தானாகக் காப்பதில்லை என்பதை ஏற்கிறேன். வேறுபாடு பழுது வரும் விதத்தில் இருக்கிறது. நனைந்த தாள் பாதி வாசிக்கத் தரும். சத்தமிடும் வன்தட்டு பெரும்பாலும் எச்சரிக்கை தரும். பென்ட்ரைவின் கட்டுப்பாட்டுச் சிப் செத்தால் ஒரே கணத்தில் எல்லாம் போகும், மீட்கும் செலவு கருவியின் விலையைப் போலப் பல மடங்கு. இலங்கை முஸ்லிம்களிடையே புழங்கிய அரபுத்தமிழ் ஏடுகள் தலைமுறை தாண்டி வந்ததற்கு, யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்தெழுதியதும் ஒரு காரணம். எண்மக் காலத்திலும் அதே உழைப்புத்தான் தேவை: மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறு ஊரில். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் திரட்டிவரும் நூலகம் திட்டம் போன்றவை அந்த வேறு ஊராக அமையலாம்.

எஸ்.எல்.எம். ஹனீபா, ஓட்டமாவடி அறபாத் ஆகியோரைத் தமிழ்ச் சிறுகதைக்குத் தந்த ஊர் இது. 2021 மார்ச் முதல், கொவிட் தொற்றால் இறந்த 3,000க்கும் அதிகமானோரை, தீவின் எல்லாப் பாகங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அவர்களை, மஜ்மா நகர் மண்ணில் ஏற்றுக்கொண்ட ஊரும் இதுவே. இங்கே காக்க வேண்டிய எழுத்தும் பதிவும் படமும் ஏராளம். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கைப்பிரதிகளை யூனிகோடுக்கு மாற்றாமல் பிரதியெடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலே மிஞ்சும். ஆகவே பெயர்த்தெழுதுவதில் எழுத்துரு மாற்றமும் சேரும். கடைக்கு எடுத்துச் செல்லும் பென்ட்ரைவில் அச்செடுக்க வேண்டிய கோப்பைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. அழித்த குடும்பப் படங்களையும் சாதாரண மீட்பு மென்பொருளால் திரும்ப எடுக்க முடியும் என்பதால், வீட்டுப் படங்களுக்குத் தனியாக ஒன்றை வைத்துக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவதே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. விண்டோஸ் 7 முதல் சில பதிப்புகளில் அதற்கான பிட்லொக்கர் வசதி உண்டு, இல்லாத கணினிகளில் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்யும்.