காவலுக்கும் சீர்திருத்தத்துக்கும் இடையே: தமிழகச் சிறைகளில் கடைநிலைக் காவலர் பணியின் வரலாறு (1838–2024)

ஆய்வுச் சுருக்கம்

சிறை வரலாறு பெரும்பாலும் கைதியின் வரலாறாகவோ நிர்வாகத்தின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் கடைநிலைச் சிறைக் காவலரின் பணி எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை குழு அறிக்கைகள், சட்டங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றின் வழி ஆராய்கிறது. சிறையின் நோக்கம் தண்டனையிலிருந்து சீர்திருத்தத்திற்கு மாறியதாக அறிவிக்கப்பட்ட பின்னரும், காவலரின் கடமை 1894ஆம் ஆண்டுச் சட்டம் வரைந்த எல்லைக்குள்ளேயே நின்றது என்பது இதன் வாதம். தென்மாவட்டச் சிறைகளின் சாதிவாரிப் பிரிப்பு இம்முரண்பாட்டை அறிவதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறைக் காவலர், வார்டர், 1894 சிறைச் சட்டம், கைதி வார்டர், பாளையங்கோட்டை, சாதிவாரிப் பிரிப்பு.

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்திலுள்ள தளவாய்புரம் நைட்டி முதலிய ஆயத்த ஆடைகளின் உற்பத்தியால் அறியப்பட்ட ஊர். இதுபோன்ற ஊர்களில் பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞருக்குத் தையற்கூடத்துக்கு வெளியே எட்டும் அரசுப் பணிகளுள் ஒன்று இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பணி. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றுக்கான தேர்வோடு சேர்த்தே இதற்கும் ஆள் எடுக்கிறது. எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எனத் தகுதிச் சோதனைகளும் பொதுவானவை. அடிப்படை ஊதியம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது.

இவ்வட்டாரத்துக் குற்ற வழக்குகளுள் பெரியவை மாவட்ட முதன்மை நீதிமன்றம் அமைந்துள்ள திருவில்லிபுத்தூருக்குச் செல்கின்றன. மத்திய சிறைகள் வடக்கே மதுரையிலும் தெற்கே பாளையங்கோட்டையிலும் உள்ளன. ஆகவே இம்மண்ணிலிருந்து சிறைக்குச் செல்லும் இருவர், ஒருவர் கைதியாகவும் மற்றவர் காவலராகவும் ஒரே கொட்டடியில் எதிர்ப்பட நேர்கிறது. அவ்வாறு எதிர்ப்படும் காவலரிடம் அரசு என்ன வேலையை ஒப்படைத்துள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா.

1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் காவலர்

மெக்காலே 1835-இல் எழுதிய குறிப்பின் பேரில் அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838-இல் தன் அறிக்கையை அளித்தது. கீழ்நிலைப் பணியாளரின் ஊழலையும் ஒழுங்குத் தளர்ச்சியையும் அது கண்டித்தது. சிறைக் காவலர் நம்பத்தகாதவர், கண்காணிக்கப்பட வேண்டியவர் என்னும் இக்கருத்தே பின்வந்த சட்ட ஆக்கத்திலும் தொடர்ந்தது.

1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் மூன்றாம் அத்தியாயம் அலுவலர்களின் கடமைகளைக் கூறுகிறது. கண்காணிப்பாளர், மருத்துவ அலுவலர், சிறை அலுவலர் ஆகியோருக்குப் பின் கீழ்நிலை அலுவலருக்கென மூன்று பிரிவுகளே உள்ளன. பிரிவு 21 வாயிற்காவலர் உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் சோதிக்க அதிகாரம் தருகிறது. பிரிவு 22 கீழ்நிலை அலுவலர் விடுப்பின்றிச் சிறையை விட்டு அகலலாகாது என்கிறது. பிரிவு 23 அலுவலராக அமர்த்தப்படும் கைதிகளை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொருளில் பொது ஊழியராகக் கருதுகிறது. சோதித்தல், அகலாதிருத்தல், கைதியையே காவலராக்குதல் என இம்மூன்றுக்குள் அவரது பணி அடங்கிவிடுகிறது. பிற கடமைகள் சிறை அலுவலரின் ஆணைக்கும் விதிகளுக்கும் விடப்பட்டன.

தண்டனை பற்றிய பிரிவு 54 இதைவிட விரிவானது. கடமை தவறுதல், இரண்டு மாத முன்னறிவிப்பின்றிப் பணியை விட்டு விலகுதல், விடுப்புக் காலம் கடந்தும் திரும்பாதிருத்தல், அனுமதியின்றி வேறு வேலை செய்தல், கோழைத்தனம் ஆகிய அனைத்தும் குற்றங்கள். இவற்றுக்கு 200 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இப்பிரிவு அமைந்துள்ள இடமும் கவனத்திற்குரியது. கைதிகளின் சிறைக் குற்றங்களையும் கசையடியையும் பேசும் பதினோராம் அத்தியாயத்தின் இறுதிப் பிரிவு இது. காவலரும் கைதியும் ஒரே அத்தியாயத்தில் குற்றவாளிகளாக எண்ணப்பட்டுள்ளனர்.

கைதி வார்டர் முறை

பிரிவு 23 செலவைக் குறைக்கும் வழியாகவும் பயன்பட்டது. நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள் படிப்படியாக உயர்த்தப்பட்டு மேற்பார்வையாளர், வார்டர் எனப் பொறுப்பேற்றனர். சம்பளக் காவலரின் வேலையைச் சம்பளமற்ற கைதி செய்யக்கூடுமெனில் அவ்வேலைக்குத் தனித்திறன் தேவையில்லை என்னும் எண்ணம் இம்முறையின் அடியில் இருந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் 1908 முதல் 1912 வரை இருந்த வ.உ.சிதம்பரனாரின் சுயசரிதையும், இராஜாஜி 1921–22-இல் வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பும் அக்காலச் சிறையின் உள்வாழ்வை அறிய உதவும் முதன்மைச் சான்றுகள். அரசு ஆவணங்களில் எண்ணிக்கையாக மட்டும் தோன்றும் சிறைக்குள் மனித உறவுகள் இயங்கிய விதத்தை இத்தகைய நூல்களே காட்டுகின்றன.

நோக்கம் மாறியதும் பணி மாறாததும்

இந்தியச் சட்டம் இயற்றப்பட்ட மறு ஆண்டே, 1895-இல், இங்கிலாந்தின் கிளாட்ஸ்டன் குழு அச்சுறுத்தலோடு சீர்திருத்தமும் சிறையின் சமமான நோக்கம் என்றது. அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு (1919–20) அந்நோக்கத்தை இங்கும் ஏற்றது. எனினும் 1894ஆம் ஆண்டுச் சட்டம் நீடித்தது. அதன் அடித்தளத்தின் மீதே தமிழ்நாடு சிறை விதிகள், 1983 எழுந்தன.

காவலரின் அன்றாடம் இதை உறுதிசெய்கிறது. காலையில் கொட்டடி திறந்து எண்ணுதல், மாலையில் எண்ணி அடைத்தல், கண்காணிப்புக் கோபுரத்திலும் சுற்றுச்சுவரிலும் பாரா நிற்றல், உறவினர் மனுப் பார்க்க வரும்போது உடன் நிற்றல், வாயிலில் சோதித்தல் ஆகியவையே அவரது வேலை. எண்ணிக்கை சரியாக இருந்தால் பணி சரியாக முடிந்தது என்று பொருள். ஒரு கைதி மனம் மாறினாரா என்பதைப் பதியும் பொறுப்பு அவருடையதன்று.

கட்டற்ற அதிகாரம் இவ்விடைவெளியில் புகுவதையும் வரலாறு காட்டுகிறது. தில்லி திகார் சிறையில் தலைமை வார்டர் ஒருவர் கைதியைச் சித்திரவதை செய்ததாகச் சக கைதி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தை உச்சநீதிமன்றம் மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கைதியின் உரிமைகளை விரித்துரைத்த இவ்வழக்கு ஒரு கீழ்நிலைப் பணியாளரின் செயலிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு தென்மாநிலங்கள் இணைந்து வேலூரில் சிறை அலுவலர்க்கான பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கின. நீதிபதி முல்லா குழு (1980–83) சிறைப் பணிக்கென அகில இந்தியப் பணித்தொகுதி ஒன்றைப் பரிந்துரைத்தது, அது நிறைவேறவில்லை. ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்ற அளவை 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு முன்வைத்தது. அந்த அளவும் காவலுக்கான அளவே.

பாளையங்கோட்டை: சுவரால் காத்த அமைதி

விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்திற்கு 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதையொட்டித் தென்மாவட்டங்களில் மோதல்கள் எழுந்தன. மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்க நேர்ந்தது. ஊரிலிருந்த இப்பிளவு சிறைக்குள்ளும் நுழைந்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைப்பதை எதிர்த்த வழக்கில், மோதலைத் தவிர்க்கவே இவ்வாறு செய்வதாக அரசுத் தரப்பு கூறியது. சென்னை உயர்நீதிமன்றம் 2014-இல் அவ்விளக்கத்தை ஏற்றது. எண்ணி அடைப்பது மட்டுமே வேலை என்றால் பிரித்து அடைப்பது எளிய வழி. இந்நடைமுறை 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் தருக்கத்திலிருந்து விலகியதன்று.

சுவர் எப்போதும் காக்கவுமில்லை. 2021 ஏப்ரலில் அச்சிறையில் விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் கொல்லப்பட்டார். சிறைப் பணியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். கைதிகளிடையே மூளும் பகையை முன்னறியவும் தணிக்கவும் காவலருக்குக் கற்றுத்தராத அமைப்பு, அது வெடித்தபின் அவரிடம் விளக்கம் கேட்டது.

2024 அக்டோபர் 3-இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் சாதி அடிப்படையில் கைதிகளைப் பிரிப்பதும் வேலை ஒதுக்குவதும் அரசியலமைப்புக்கு முரண் என்றது. பாளையங்கோட்டை நடைமுறை குறித்த உயர்நீதிமன்ற நிலைப்பாட்டையும் ஏற்க மறுத்தது. பதிவேடுகளிலுள்ள சாதிக் கட்டத்தை நீக்கவும் கையேடுகளைத் திருத்தவும் ஆணையிட்டது. பதிவேட்டில் ஒரு கட்டத்தை அடித்துவிடலாம். அக்கட்டம் நீங்கிய கொட்டடியில் இரவுப் பாரா நிற்பவர் கைதிகளைப் போன்றே அவ்வூர்ப் பிளவுகளை அறிந்து வளர்ந்த இளைஞர். தீர்ப்பின் வெற்றி அவரது கையில் உள்ளது.

முடிவுரை

1838-இன் ஐயம், 1894-இன் மூன்று பிரிவுகள், சம்பளமற்ற கைதி வார்டர் முறை ஆகியவை சேர்ந்து சிறைக் காவலரைத் தண்டிக்கத்தக்கவராகவும் எளிதில் மாற்றத்தக்கவராகவும் வரையறுத்தன. பின்வந்த சீர்திருத்தச் சொல்லாடல் துறையின் பெயர்ப்பலகையை எட்டிய அளவு இவ்வரையறையை எட்டவில்லை. ஒன்றிய அரசு 2023-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டம் பழைய சட்டத்திற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது. அதன் அடியில் எழும் மாநில விதிகளை மதிப்பிடுவோர் கைதியின் உரிமைகளோடு கீழ்நிலைக் காவலரின் பணி வரையறை, பயிற்சிக் காலம், பதவி உயர்வு ஆகியவற்றையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். சீர்திருத்தம் நிகழுமாயின், நாள்தோறும் கைதியின் முகத்தை முதலில் பார்ப்பவரின் வழியாகவே அது நிகழும்.